ஒரே பிளக் பாயிண்ட்

“சார், ரெண்டு பொட்டியும் ஒரே பிளக்குலதானுங்க இருக்குது.”

இந்த ஒரு வாக்கியம் என் காதில் விழுவதற்கு ஒரு டேங்க் பால் கெட்டுப்போக வேண்டியிருந்தது. சொன்னவர் கொங்குப் பக்கம் ஒரு பால் குளிரூட்டும் நிலையத்தின் ஆபரேட்டர், ஐம்பதைத் தாண்டியவர். டேங்க்கில் இருக்கும் பால் 4 டிகிரியிலேயே நிற்க வேண்டும். ஏறினால் அவர் போனுக்கு அலாரம் போக வேண்டும். அதற்கான மென்பொருளை எழுதியது எங்கள் குழு. எல்லாவற்றையும் தூரத்து கிளவுடுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்காமல், அந்த அறையிலேயே இரண்டு சின்னக் கணினிகளை வைத்து முடிவெடுக்கும் ஏற்பாடு. எட்ஜ் கம்ப்யூட்டிங் என்று பெரிய பெயரில் சொல்வது இதைத்தான்.

எங்களிடம் ஓர் அட்டவணை இருந்தது. எத்தனை கோர், எத்தனை ஜிபி ரேம், கிளவுடுக்குப் போய்வர எத்தனை மில்லிசெகண்ட், யூபிஎஸ் உண்டா இல்லையா. இதையெல்லாம் வைத்து ஒவ்வொரு கணினியையும் ஏ, பி, சி என்று வகுப்பு பிரித்திருந்தோம். அந்த நிலையத்தின் இரண்டு பெட்டிகளும் ஏ. ஒன்று விழுந்தால் மற்றது அலாரத்தை எடுத்துக்கொள்ளும். அட்டவணையைப் போட்டவன் நான். அதை நம்பித்தான் அங்கே இரவு ஷிப்டையே எடுத்தார்கள்.

ஒரு ராத்திரி கரண்ட் போனது. கம்ப்ரஸர் நின்றது. இரண்டு பெட்டிகளும் ரவுட்டரும் அதே நொடியில் நின்றன. ‘யூபிஎஸ்: உண்டு’ என்று எழுதியிருந்தோம். அதன் பேட்டரி செத்து மாதக்கணக்காகியிருந்தது. கிளவுடுக்குத் தெரியாதா என்றால், தெரிந்தது. ஆனால் அந்தப் பக்கம் இணைப்பு அடிக்கடி அறுந்து அறுந்து வரும் என்பதால் ‘தொடர்பில் இல்லை’ என்ற எச்சரிக்கையை நாங்களே அடக்கி வைத்திருந்தோம். டீசல் ஜெனரேட்டர் ஷெட்டில் நின்றது, போட ஆளில்லை. காலையில் பால் திரிந்திருந்தது. இரண்டுமே ஏ வகுப்பு, ஒன்று நின்றாலும் மற்றது ஓடியிருக்கும் என்று எங்கள் அறிக்கை சொன்னது. அப்படியானால் தப்பு மனிதனுடையது. ஆபரேட்டருக்கு ஒரு வாரச் சம்பளத்தைப் பிடித்தார்கள்.

இது தனிப்பட்ட கவனக்குறைவு என்று முடித்துவிடலாம். என் கவனக்குறைவுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த அட்டவணையை நான் கனவு கண்டு எழுதவில்லை. இந்தத் துறை எனக்குக் கற்றுக்கொடுத்த பழக்கம் அது.

2012-இல் சிஸ்கோவின் ஃபிளாவியோ பொனோமியும் உடன் பணியாற்றியவர்களும் ‘ஃபாக் கம்ப்யூட்டிங்’ பற்றி எழுதினார்கள். கிளவுட் மேலே இருக்கும் மேகம், ஃபாக் தரையை ஒட்டிய மூடுபனி. 2018-இல் அமெரிக்காவின் நிஸ்ட் அமைப்பு இதற்கு ஒரு மாதிரி வரைவு வெளியிட்டபோது அதற்கும் கீழே ‘மிஸ்ட்’ என்று இன்னொன்றைச் சேர்த்தது. மேகம், மூடுபனி, பனிப்புகை. உவமை அழகாகத்தான் இருக்கிறது. கவனித்துப் பாருங்கள், எல்லாமே மேலேயிருந்து கீழே பார்க்கிற பார்வை. ஒரு கணினி மையத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது, மையத்தைவிட எவ்வளவு சின்னது, இவ்வளவுதான் கேள்வி. அது எந்தச் சுவரில், எந்த வயரில், யார் பொறுப்பில் இருக்கிறது என்பது எங்கள் மாதிரி ஆட்களின் அட்டவணை வரைக்கும் வந்து சேர்வதே இல்லை.

கொள்ளளவைப் பார்த்து வகுப்பது வேண்டாம் என்று சொல்லவில்லை. 2014-இல் வந்த ஆர்எஃப்சி 7228 சிறு கருவிகளை நினைவகத்தை வைத்து மூன்று வகுப்பாகப் பிரித்தது. சுமார் 10 கிபி ரேம் இருந்தால் முதல் வகுப்பு, 50 கிபி என்றால் இரண்டாம் வகுப்பு, முதல் வகுப்புக்கும் வெகு கீழே பூஜ்ய வகுப்பு. இதில் எது ஓடும், எது ஓடாது என்று தெரிந்துகொள்ள அது உதவும். மின்சாரத்தையும் அந்த ஆவணம் மறக்கவில்லை. பேட்டரியை மாற்றலாமா, மாற்ற முடியாதா என்றுகூடக் கேட்கிறது. ஆனால் சுவர் மின்சாரத்தில் ஓடுவதற்கு அது கொடுத்த வகுப்பு ஈ9: ஆற்றலுக்கு நேரடியான அளவுக் கட்டுப்பாடு ஏதுமில்லை. பிளக்கில் சொருகியாச்சுன்னா கவலையில்லை! எங்க ஊரில் மே மாதம் இருந்து பார்த்த யாரும் இப்படி ஒரு வரியை எழுதியிருக்க மாட்டார்கள்.

எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். இதை எப்படி வகுக்க வேண்டும் என்று கிளவுட்காரர்களுக்கு நன்றாகவே தெரியும். அமேசானில் ‘அவெய்லபிலிட்டி ஸோன்’ என்பது என்ன? தனி மின்சாரம், தனி நெட்வொர்க், ஒன்று விழுந்தால் மற்றது சேர்ந்து விழாது என்ற பிரிவு. குபர்நெட்டிஸில் ஸோன் என்றே ஒரு லேபிள் உண்டு. அதாவது, தங்கள் கட்டடத்துக்குள் எது எதோடு சேர்ந்து சாகும் என்று பார்த்துத்தான் வகுக்கிறார்கள். அதே அறிவு பால் நிலையத்துக்கு வரும்போது ரேம் கணக்காகச் சுருங்கிவிடுகிறது. ஏன்? அங்கே விழுந்தால் நஷ்டம் அவர்களுடையது. இங்கே விழுந்தால் ஆபரேட்டருடையது.

“ஆயிரக்கணக்கான இடங்கள், ஒவ்வொரு பிளக்கையும் போய்ப் பார்க்க முடியுமா?” என்று சக பொறியாளர்கள் கேட்கிறார்கள். போக வேண்டியதில்லை. எங்கள் லாகிலேயே எல்லாம் இருந்தது. அந்த இரண்டு பெட்டிகளும் மாதக்கணக்காக ஒரே நிமிடத்தில் விழுந்து, ஒரே நிமிடத்தில் எழுந்திருக்கின்றன. நாலு வரி நிரல் எழுதியிருந்தால் போதும், இவை இரண்டல்ல, ஒன்று என்று தெரிந்திருக்கும். கேட்க வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

இப்போது என் அட்டவணையில் ரேமுக்கு முன்னால் மூன்று பத்திகள் இருக்கின்றன. எதோடு சேர்ந்து நிற்கும்? நின்றால் யார் போய்ப் பார்ப்பார்? அவர் அங்கே போய்ச்சேர எவ்வளவு நேரமாகும்? மூன்றுக்கும் பதில் இல்லாத கணினி, 64 ஜிபி ரேம் இருந்தாலும் சி வகுப்புதான்.

அறிக்கையையும் திருத்தி எழுதி அனுப்பினேன். பிடித்த பணம் திரும்ப வந்ததா என்று போனில் கேட்டேன். “அதெல்லாம் உடுங்க சார். நைட்டு ஷிப்டு மறுபடி போட்டுட்டாங்க, அதுவே போதுமுங்க” என்றார். அவருக்குப் போதும். என்னால் விட முடியவில்லை.