நார்கோண்டத்தை அதன் போக்கில் விடுவோம்

2025 நவம்பர் 23 அன்று எத்தியோப்பியாவில் ஹெய்லி குப்பி எரிமலை வெடித்தது. அதன் சாம்பல் செங்கடலைத் தாண்டி, ஏமன், ஓமன் வழியாக மறுநாள் இரவே டெல்லி வானத்துக்கு வந்துவிட்டது. விமானங்கள் ரத்தாயின. அதற்கு முன்பு அந்த மலை வெடித்ததாக மனிதர் எழுதிவைத்த குறிப்பு ஒன்றுகூடக் கிடையாது. அந்த வாரம் சங்கரன்கோவில் டீக்கடை ஒன்றில் பேப்பரை விரித்து வைத்திருந்த விசைத்தறிக்காரர் ஒருவர் என்னிடம் கேட்டார்: “அண்ணாச்சி, நம்ம நாட்டுல எரிமலை உண்டுமா?”

உண்டு. கடலுக்கு மேலே தலைகாட்டுபவை இரண்டு. இரண்டும் அந்தமான் கடலில் இருக்கின்றன. பாரன் தீவு பலருக்கும் தெரியும். 1787இல் அது வெடித்ததற்குக் குறிப்பு இருக்கிறது. 1991இல் மறுபடி விழித்தது, அதன் பிறகு விட்டுவிட்டுப் பொங்குகிறது. அதற்கு வடக்கே ஏறத்தாழ 135 கி.மீ. தள்ளி நிற்கிறது நார்கோண்டம். பரப்பு 7 சதுர கி.மீ.க்குள்தான். உயரமோ 710 மீட்டர். கடலிலிருந்து செங்குத்தாக எழும் அந்த மலை முழுக்க அடர்ந்த காடு. அது வெடித்ததாக வரலாற்றில் ஒரு வரியும் இல்லை.

இந்த இரண்டு மலைகளையும் உண்டாக்கியது ஒரே வேலைதான். இந்தியப் பாறைத்தட்டு அந்தமானுக்கு அடியில் சரிந்து இறங்குகிறது. இறங்கும் பாறையிலிருந்து வெளியேறும் நீர், மேலே உள்ள சூடான பாறையை இளக்கி உருகவைக்கிறது. அந்தக் குழம்பு மேலேறி, குழம்பும் சாம்பலும் அடுக்கடுக்காகப் படிந்து, கூம்பு மலையாகிறது. 2004 டிசம்பர் 26 அன்று நம் கடற்கரைகளைச் சூறையாடிய சுனாமி பிறந்ததும் இதே தட்டுச் சரிவில்தான். இதே வரிசையில் தெற்கே, சுமத்ராவில், சினாபுங் என்றொரு மலை இருக்கிறது. பல நூற்றாண்டு அமைதிக்குப் பின் 2010இல் அது வெடித்தது. அடிவாரத்து மக்கள் ஊரைக் காலி செய்து ஓட வேண்டியிருந்தது.

குறிப்பு இல்லை என்பதால் மலை செத்துவிட்டது என்று சொல்லிவிட முடியாது. மனிதன் எழுதிவைக்கத் தொடங்கி எவ்வளவு காலம் ஆகிறது, மலையின் வயது என்ன? எங்கள் ஊர்க்காரருக்கு இதை விளக்கவே வேண்டாம். சங்கரநாராயணர் கோயில் புற்றுமண்ணை நெற்றியில் பூசி வளர்ந்தவர்கள் நாங்கள். பாம்பு வெளியே வந்ததை யாரும் பார்க்கவில்லை என்பதற்காக இங்கே ஒருவரும் புற்றுக்குள் கைவிட மாட்டார்கள்.

நார்கோண்டம் அமைதியாக இருந்த காலத்தில் அங்கே ஒரு பறவை தழைத்தது. நார்கோண்டம் இருவாச்சி. உலகத்தில் வேறெங்கும் கிடையாது. 1873இல் இதை அறிவியலுக்கு அறிமுகப்படுத்தியவர் ஆலன் ஆக்டேவியன் ஹியூம். 1885இல் காங்கிரஸ் தோன்றக் காரணமாயிருந்த அதே ஹியூம். ஆணுக்குத் தலையும் கழுத்தும் செம்பழுப்பு, பெண்ணுக்குக் கறுப்பு. முட்டையிடும் காலத்தில் பெண் மரப்பொந்துக்குள் புகுந்து வாசலை அடைத்துக்கொள்ளும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறல் மட்டும் மிச்சம். ஆண் அத்திப்பழங்களைத் தொண்டையில் நிரப்பிக் கொண்டுவந்து, ஒவ்வொன்றாகக் கக்கி, அந்தக் கீறல் வழியே ஊட்டும். ஆண் திரும்பாவிட்டால் உள்ளே இருக்கும் குடும்பம் பட்டினி. உலகத்தில் மிச்சமிருப்பவை ஆயிரத்துக்கு அக்கம்பக்கம்தான். பெரிய பொந்து விழுந்த முதுமரங்களும் அத்தி மரங்களும் இருக்கும்வரைதான் அவையும் இருக்கும்.

அந்தத் தீவில் மனிதர் என்றால் காவல் சாவடியில் இருக்கும் போலீஸ்காரர்கள் மட்டுமே. ஒரு காலத்தில் அவர்கள் உணவுக்காகக் கொண்டுபோய் விட்ட ஆடுகள் பல்கிப் பெருகி, இளங்கன்றுகளையெல்லாம் மேய்ந்து தீர்த்தன. பிறகு அவற்றைப் பிடித்து அகற்ற வேண்டியதாயிற்று. 1977இலேயே சரணாலயம் என்று அறிவிக்கப்பட்ட இடத்தில் நடந்தது இது. பிறகு கடலோரக் காவல்படை அங்கே ரேடார் நிலையம் கேட்டது. சுற்றுச்சூழல் அமைச்சகம் 2012இல் மறுத்தது. ஆட்சி மாறியபின் 2014இல் அனுமதி தந்தது. நாட்டின் காவல் அவசியம்தான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ரேடாரை வேறு தீவிலும் நிறுத்தலாம். இருவாச்சிக்கு வேறு தீவு கிடையாது.

நான் கேட்பது இரண்டுதான். நார்கோண்டத்தின் நில அசைவுகளைக் கருவிகள் இடைவிடாமல் கவனிக்கட்டும். ‘வெடித்ததே இல்லை’ என்ற நம்பிக்கையில் யாரும் அசந்துவிட வேண்டாம். இனி அந்தத் தீவில் புதிதாக எந்தக் கட்டுமானத்துக்கும், எந்தச் சாலைக்கும், எந்தச் சுற்றுலாத் திட்டத்துக்கும் அரசு அனுமதி தரக்கூடாது.