கோட்டுக்கு வெளியே

பிள்ளைகள் பரீட்சை எழுதுவதைப் பெற்றோர் எவரும் கண்ணாற் காண்பதில்லை. மண்டபத்தின் கதவு சாத்தப்படுகிறது. முடிவு வேறொரு நாள் தாளில் வந்து சேருகிறது. விளையாட்டோ அவ்வாறன்று. கைக்கு வந்த பந்து நழுவுவதும், எறிந்த பந்து வளையத்தின் விளிம்பிலே தட்டித் திரும்புவதும் தாய் தந்தையர் பார்த்திருக்க, ஊரார் பார்த்திருக்க நிகழ்கின்றன. பெற்ற மனம் அப்பொழுது படும் பாடு சொல்லுந்தரமன்று. ஆதலின், விளையாடும் பிள்ளைக்குப் பெற்றோராய் இருப்பது தனியே பயின்றுகொள்ள வேண்டிய ஒரு கலை என்றே நாம் கருதுகிறோம். இவ்வாரம் அக்கலையைப் பற்றிச் சிறிது சிந்திப்போம்.

சிலாபம், உடப்பு, முந்தல், புத்தளம், கற்பிட்டி எனத் தொடரும் நமது கரையோரத்திலே பாடசாலை விட்டபின் மைதானங்கள் உயிர்பெறும். ஆண் பிள்ளைகள் உதைபந்தின் பின்னே ஓடுவர். கரப்பந்துக்கு வலை கட்டுவாரும் உண்டு. பெண் பிள்ளைகளுக்கு உரியது வலைப்பந்து. எமது இல்லத்திலும் பத்தாந் தரத்திற் படிக்கும் வலைப்பந்தாட்டக்காரி ஒருத்தி இருக்கிறாள். ஆகவே ஏட்டறிவை மட்டும் கொண்டு இதனை எழுதவில்லை.

ஆட்டமும் அதன் விதியும்

வலைப்பந்தை அறியாத தந்தையர் பலர் இருத்தல் கூடும். அவர் பொருட்டு ஒரு சில வார்த்தைகள். 1891 ஆம் ஆண்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் அமெரிக்காவிலே கூடைப்பந்தாட்டத்தை வகுத்தார். அவ்வாட்டம் இங்கிலாந்துக்குச் சென்று, மகளிர் கல்லூரிகளில் உருமாறி வலைப்பந்தாயிற்று. நாட்டுக்கு நாடு வேறுபட்டிருந்த அதன் விதிகளை ஒன்றாக்குவதற்கு 1960 ஆம் ஆண்டில் பல தேசத்துப் பிரதிநிதிகள் கூடிய இடம் நமது இலங்கையே. 1963 இல் இங்கிலாந்தின் ஈஸ்ட்போர்ன் நகரில் முதலாவது உலகப் போட்டி நடைபெற்றபோது இலங்கை அணியும் அங்கே ஆடியது. 1989 முதல் 2022 வரையில் ஆசிய வெற்றிக் கிண்ணத்தை ஆறு முறை நம் நாட்டுப் பெண்கள் வென்றிருக்கின்றனர். நம் பெண்கள் ஆடும் இவ்வாட்டம் அத்துணைச் சிறப்புடையது.

ஓர் அணிக்கு எழுவர். பந்தைப் பிடித்தவள் அதனுடன் ஓடலாகாது. மூன்று விநாடிக்குள் வேறொருத்திக்கு எறிந்துவிட வேண்டும். எதிரணியாள் மூன்றடி தள்ளி நின்றே தடுக்கலாம். பத்தடி உயரத்து வளையத்துக்குள் பந்தை இடும் உரிமை இருவருக்கு மட்டுமே உண்டு. எவ்வளவு கெட்டிக்காரியானாலும் தனியொருத்தியாய்ப் பந்தைக் கொண்டுபோய்ச் சேர்க்க முடியாது.

இன்னொரு விதியும் உண்டு. பெற்றோருக்கு அதுவே முக்கியமானது. ஒவ்வொருத்தியின் மார்பிலும் முதுகிலும் அவளுடைய இடத்தைக் குறிக்கும் எழுத்து இருக்கும். அந்த எழுத்துக்குரிய பகுதியை விட்டு அவள் காலெடுத்து வைக்கலாகாது. வைத்தால் நடுவர் ஊதுவார்; பந்து எதிரணிக்குப் போய்விடும். பெற்றோருடைய உடையில் எழுத்து இல்லை. ஆயினும் அவருக்கும் ஓர் இடம் உண்டு. அது கோட்டுக்கு வெளியே. அவர் அதனைத் தாண்டினாலும் பந்தை இழப்பவள் பிள்ளைதான்.

கரையில் எழும் குரல்

வலயப் போட்டி நடைபெறும் ஒரு காலைப் பொழுதைப் பாருங்கள். சோளகக் காற்று மணலை வாரி இறைக்கிறது. வளையத்தை நோக்கி எறிந்த பந்து காற்றோடு விலகுகிறது. பந்து ஒரு சிறுமியின் கைக்கு வருகிறது. “எறி பிள்ளை, எறி!” என்கிறாள் தாய். “பொறு, பொறு!” என்கிறார் மாமனார். “அந்தப் பக்கம் பார்!” என்கிறார் தந்தை. பயிற்றுவித்த ஆசிரியை முதல்நாள் சொல்லிக் கொடுத்தது வேறொன்று. இருப்பதோ மூன்று விநாடி, கட்டளையோ நான்கு. பாவம், அவள் யாருக்குக் கீழ்ப்படிவாள்? பந்தை வைத்துக்கொண்டு திகைத்து நிற்கிறாள், குழல் ஊதப்படுகிறது. பின்பு அந்த நால்வருமே, “நான் சொன்னதைக் கேட்டிருந்தால்...” என்று தொடங்குகின்றனர்.

விளையாட்டிலே பிள்ளை கற்பது பந்தெறியும் வித்தையை மாத்திரம் அன்று. பார்த்து, எண்ணி, துணிந்து, தவறினால் மறுபடி எழுந்து ஓடுவதையும் அங்கேதான் கற்கிறாள். கரையிலிருந்து நாம் அவளுக்காக எண்ணிக் கொடுத்தால், கற்கும் வாய்ப்பை நாமே பறித்தவராவோம். கைதட்டலாம், பெயர் சொல்லி உற்சாகப்படுத்தலாம், எதிரணியின் நல்ல எறிக்கும் மகிழலாம். வழிகாட்டும் வேலை ஆசிரியைக்கு உரியது.

நடுவரை ஏசுவது இதனினும் பெரிய தீங்கு. நமது மாவட்டத்தில் தமிழ், முஸ்லிம், சிங்களப் பிள்ளைகள் ஒரே களத்தில் எதிரெதிரே நின்று ஆடுகின்றனர். ஆட்டம் முடிந்ததும் கைகொடுத்து, ஒரே தண்ணீர்க் குழாயடியில் முகங்கழுவுகின்றனர். நடுவரின் குழலுக்கு மொழி இல்லை. ஆனால் ஒரு தீர்ப்புப் பிடிக்காதபோது நடுவரின் ஊரையும் மொழியையும் ஆராயத் தொடங்கும் பெரியவர்களை நாம் கண்டதுண்டு. பிள்ளைகளுக்கு அதுவரை தோன்றாத பேதம் அந்த நிமிடத்திலே பெற்றோர் வாயிலிருந்து அவர்கள் காதிற் புகுகிறது. ஓர் ஆட்டத்தின் தோல்வி மறுவாரம் மறந்துபோகும். அந்தச் சொல் மறக்குமா?

வீடு திரும்பும் வழியும் ஒரு பரீட்சையே. தோற்ற பிள்ளைக்குத் தான் தோற்றது தெரியும். எந்தப் பந்திலே தோற்றாள் என்பது நம்மைவிட அவளுக்கு நன்றாய்த் தெரியும். பஸ் வண்டியிலே பக்கத்தில் அமர்ந்துகொண்டு அதனைத் திரும்ப நடத்திக் காட்ட வேண்டியதில்லை. “பசிக்கிறதா, மகள்?” என்ற ஒரு கேள்வி போதும். சொல்ல வேண்டியது இருந்தால் அவளே சொல்லுவாள்.

கனடாவிலும் இதே கதை

இக்கவலை நமது கரைக்கு மாத்திரம் உரியதன்று. கனடாவிலே குடியேறிய தமிழர் வீட்டுப் பிள்ளைகள் வளரும் நாட்டில் லக்ரோஸ் என்றோர் ஆட்டம் உண்டு. நீண்ட கோலின் நுனியிலே சிறு வலைப்பை. அதிலே பந்தை ஏந்தி ஓடி, எறிந்து, எதிரியின் வாயிலுக்குள் செலுத்த வேண்டும். ஐரோப்பியர் வந்து சேருமுன்னரே அம்மண்ணின் முதற்குடி மக்கள் ஆடிய ஆட்டம் அது. அவர்களுள் ஹோடனோஷோனி மக்கள் அதனைப் படைத்தவன் தந்த கொடையாகவே போற்றுகின்றனர். நோயுற்றவர் நலம்பெறும் பொருட்டு ஆடுவதும் உண்டு. 1994 ஆம் ஆண்டிலே கனடா அதனைக் கோடைகாலத் தேசிய விளையாட்டாகச் சட்டத்தின் மூலம் ஏற்றது. 1904 இலும் 1908 இலும் ஒலிம்பிக் பதக்கத்துக்காக ஆடப்பட்ட அவ்வாட்டம் 2028 ஆம் ஆண்டின் லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கிலே மீண்டும் இடம்பெறுமென அறிவிக்கப்பட்டிருக்கிறது.

அங்கே பெற்றோர் நம்மைப் போல் பஸ்ஸுக்குக் காத்து நிற்பதில்லை; விலையுயர்ந்த தலைக்கவசமும் கையுறையும் வாங்கிக் கொடுத்து, நெடுந்தூரம் காரிலே ஏற்றிச் செல்கின்றனர். செலவு பெருகப் பெருக, செலவழித்தவரின் எதிர்பார்ப்பும் பெருகுகிறது. பெற்றோரின் ஏச்சைப் பொறுக்கமாட்டாது இளம் நடுவர்கள் விலகிப் போவது வட அமெரிக்க விளையாட்டுச் சங்கங்களுக்குத் தீராத கவலையாகிவிட்டது. கொடையாக வந்ததைக் கொடுக்கல் வாங்கலாக்கினால் விளைவது இதுதான். பணமுள்ள நாட்டின் நோய் நமக்கும் தொற்ற வேண்டுமா?

பந்தும் பரீட்சையும்

நமது ஊர்களில் இதற்கு நேர்மாறான நோயொன்றும் உண்டு. பெண் பிள்ளையை அதுவே பெரிதும் வருத்துகிறது. எட்டாந் தரம் வரையில் அவள் ஆடுவாள், யாரும் தடுப்பதில்லை. பத்தாந் தரம் வந்ததும் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை என்னும் பெயர் வீட்டுக்குள் நுழைகிறது. மாலைதோறும் பிரத்தியேக வகுப்பு; சனி, ஞாயிறும் பிரத்தியேக வகுப்பு. “பெண் பிள்ளைக்கு இந்த ஓட்டம் எதற்கு? வெயிலிலே கறுத்துப் போகிறாளே!” என்று அயல் வீட்டம்மையார் வேறு ஒரு வார்த்தை போட்டுவிடுகிறார். ஒருநாள் அணியிலே அவளுடைய எழுத்தை வேறொருத்தி அணிந்திருப்பாள். அதுபற்றி வீட்டிலே பெரிய வாக்குவாதம் ஒன்றும் நிகழ்ந்திராது. அவளும் அதிகம் பேசமாட்டாள். பாரதியார் குழந்தைக்கு மாலைப் பொழுதை விளையாட்டுக்கென்றே எழுதிவைத்தார். நாமோ அந்த உறுதியை மாற்றி எழுதிவிட்டோம்.

ஐந்து வயது முதல் பதினேழு வயது வரையுள்ள பிள்ளைகள் நாளொன்றுக்குச் சராசரி அறுபது நிமிடமாவது உடல் வியர்க்க இயங்க வேண்டும் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் அறிவுரை. 2019 இல் அந்த ஸ்தாபனத்தார் 146 நாடுகளின் மாணவரைப் பற்றி வெளியிட்ட ஆய்வின்படி, 2016 ஆம் ஆண்டளவில் அந்த அளவை எட்டாத பையன்கள் நூற்றுக்கு 78 பேர். பெண்கள் நூற்றுக்கு 85 பேர். ஆகவே மைதானத்திலே ஓடும் ஒரு பெண்ணை நிறுத்தும்போது, அரிதாய்க் கிடைத்த ஒன்றைக் கைவிடுகிறோம். கல்லூரியிலே பாடஞ் சொல்பவர் என்ற முறையிலும் ஒன்று சொல்லுவோம்: மாலையிலே ஒரு மணி நேரம் ஓடிய பிள்ளை இரவிலே இரண்டு மணி நேரம் மனங்குவிந்து படிப்பதும், நாள் முழுதும் நாற்காலியில் இருத்தப்பட்ட பிள்ளை புத்தகத்தின் முன்னே உறங்கி விழுவதும் நாம் காணாதவையல்ல.

யாழ்ப்பாண மாவட்டத்திலே பிறந்த தர்ஜினி சிவலிங்கத்தை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. ஆறடி பத்தங்குல உயரத்தினர். அவ்வுயரத்துக்காகச் சிறு வயதிலே கேலி செய்யப்பட்டவர். அதே உயரமே பின்பு நாட்டின் பெருமையாயிற்று. 2011 ஆம் ஆண்டு சிங்கப்பூரிலே நடந்த உலகப் போட்டியில் சிறந்த பந்தெறிவாளர் எனப் பெயர் பெற்றார். 2009, 2018, 2022 ஆம் ஆண்டுகளிலே ஆசியக் கிண்ணத்தை வென்ற அணிகளிலும் ஆடினார். ஊரார் குறையென்று சொன்னதை மைதானம் நிறையென்று கண்டது. நமது வீட்டுப் பெண்ணும் தர்ஜினி ஆக வேண்டுமென்பதற்காக இதனைச் சொல்லவில்லை. ஆயிரத்தில் ஒருத்தியும் அவ்வாறாவது அரிது. ஊர் வாய்க்கு அஞ்சி மகளை உள்ளே அழைக்குமுன் ஒருமுறை எண்ணிப் பார்க்கவே சொல்லுகிறோம்.

இனி, மகள் நன்றாய் ஆடுகிறாள் என்றதும் அவளை ஒரே ஆட்டத்திலே ஆண்டு முழுதும் பூட்டிவைக்கும் பெற்றோரும் உண்டு. பதினைந்து, பதினாறு வயது வரையில் பல ஆட்டங்களும் ஆடட்டும், வாரத்திலே ஓரிரு நாள் ஓய்வும் இருக்கட்டும் என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தின் ஆலோசனை. வளரும் எலும்புக்கும் சலிக்கும் மனத்துக்கும் அது நல்லது.

வெளியே உள்ள வேலை

கோட்டுக்கு வெளியே நின்றால் வேலை இல்லையென்று எண்ண வேண்டாம். வேண்டிய மட்டும் உண்டு. நமது கரையின் வெயில் கொடிது; போத்தல் நிறையத் தண்ணீர் கொடுத்தனுப்புங்கள்; தாகம் எடுக்குமுன்னரே குடிக்கப் பழக்குங்கள். சோடாவுக்குக் கொடுக்கும் காசுக்கு இளநீர் வாங்கலாம். தென்னைக்கா நமக்குப் பஞ்சம்? வளரும் பெண்ணுக்கு இரத்தம் குறையலாகாது. மீனும் பயறும் முருங்கைக்கீரையும் தட்டிலே இருக்கட்டும். பந்தைப் பிடித்ததும் சட்டென்று நிற்க வேண்டிய ஆட்டம் இது. கணுக்காலும் முழங்காலும் அதனாலே துன்புறும். முழங்காலின் உள்ளே எலும்புகளைப் பிணைக்கும் நார் அறுவது ஆண்களிலும் பெண்களுக்கே அதிகம். காலுக்குப் பொருந்திய சப்பாத்தும், ஆட்டத்துக்கு முன் உடலைச் சூடேற்றும் பயிற்சியும், முழங்காலை மடித்துத் தரையிறங்கும் பழக்கமும் அதனைத் தடுக்க உதவும். வலியென்று பிள்ளை சொன்னால் நம்புங்கள். போட்டியைவிட முழங்கால் பெரிது. மாதவிலக்கு நாட்களில் ஆடுவதா, ஓய்வெடுப்பதா என்பதை அவளே சொல்லும்படி தாய் இடங்கொடுக்க வேண்டும். பயிற்சி முடிந்து இருட்டுமுன் வீடு வந்து சேருவதற்கு வழி செய்வது தந்தையின் கடன். பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் சேர்த்து அழைத்து வருவாராயின் அந்தப் பிள்ளையின் ஆட்டமும் நிலைபெறும்.

அயலார் வார்த்தைக்கு மறுமொழி சொல்லுவதும் நமது வேலையே; அந்த மறுமொழியைப் பிள்ளை சொல்ல வேண்டியதாகக் கூடாது.

உடப்புக் கரையிலே கரைவலை இழுப்பதைப் பார்த்தவர்கள் அறிவர். வலையின் இரு புறக் கயிற்றையும் இரு கூட்டத்தார் பற்றி, பாட்டின் தாளத்துக்கு ஒருமித்து இழுப்பர். அவசரப்பட்டு ஒரு புறத்தார் மாத்திரம் இழுத்தால் வலை கோணிப்போகும்; மீன் தப்பும். பிள்ளை ஒரு புறம், பெற்றோர் ஒரு புறம். நமது கயிறு நமது கையில். அவளுடைய கயிறு அவளுடைய கையில். அவளுடையதையும் நாமே பிடித்து இழுக்க வேண்டா. நம்முடையதை நாம் விட்டுவிடவும் வேண்டா.

அடுத்த போட்டிக்குப் போகும் தாய் தந்தையர் தண்ணீர்ப் போத்தலோடு சிறிது பொறுமையையும் எடுத்துச் செல்வாராக. பதினோராந் தரத்திலும் அவள் மார்பிலே அந்த எழுத்து இருக்கட்டும்.