புல் வெட்ட பெட்ரோலா, பேட்டரியா?

கார்த்திகை மழை விட்டதும் திருவொற்றியூர், ராயபுரம் பக்கத்து நண்பர்கள் கேட்கிற கேள்வி இது. வீட்டைச் சுற்றி முழங்கால் உயரத்துக்குப் புல். வெட்ட ஆள் கிடைக்கவில்லை. நைலான் நரம்பு சுத்தி வெட்டுற மெஷின் வாங்கினா பெட்ரோல்ல வாங்கலாமா, பேட்டரியிலயா?

ஒரு கிரவுண்டு, ரெண்டு கிரவுண்டு மனைக்கு பேட்டரிதாங்க. என் வயலுக்கு நான் பெட்ரோல் மெஷின்தான் வெச்சிருக்கேன். ஊருக்குத்தான் உபதேசமான்னு கேட்காதீங்க. வரப்புல கோரையும் முள்ளும் மண்டிக் கிடக்கும். நரம்பைக் கழட்டிட்டு பிளேடு மாட்டி மூணு மணி நேரம் ஓட்டணும். சின்ன பேட்டரி அரை மணியில படுத்துடும். உங்க வீட்டு வேலையே அந்த அரை மணிதான்.

வீட்டில் இந்த மெஷின் வருஷத்துக்கு நாலஞ்சு தடவைதான் வெளியே வரும். பெட்ரோல் மெஷினுக்கு அதுதான் எமன். இப்போது வர்ற பெட்ரோல்ல எத்தனால் கலந்திருக்கு, அது ஈரத்தை இழுக்கும். டேங்க்ல மாசக்கணக்கா விட்டா கார்புரேட்டர்ல பிசின் மாதிரி படியும். அப்புறம் கயிறு இழுத்து இழுத்துத் தோள்பட்டைதான் கழலும். டூ ஸ்ட்ரோக்குன்னா ஆயிலும் அளவு பார்த்துக் கலக்கணும்.

"பேட்டரிக்கு மட்டும் கரண்ட் எங்கிருந்து வருது? எண்ணூர்ல நிலக்கரி எரிச்சுத்தானே? ரெண்டும் ஒண்ணுதான்" என்று சிலர் மடக்குவார்கள். அத்திப்பட்டு, வல்லூர் அனல்மின் நிலையங்கள் ஓடுவது நிலக்கரியில்தான். நிலக்கரிச் சாம்பலைப் பற்றி எங்க பக்கத்துக்காரனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். ஆனா கணக்குப் போட்டுப் பார்க்கணும் இல்லையா?

20 வோல்ட், 4 ஆம்பியர் மணி பேட்டரி முழுசா ஏற 80 வாட் மணி வேணும். சார்ஜர்ல வீணாவதையும் சேர்த்தா ஒரு யூனிட்டில் பத்து தடவை சார்ஜ் போடலாம். ஒரு யூனிட்டுக்கு முக்கால் கிலோ நிலக்கரின்னு வெச்சாலும், ஒரு தடவைக்கு 75 கிராம், ஒரு கைப்பிடி. அதே புல்லை வெட்ட பெட்ரோல் மெஷின் 150, 200 மில்லி குடிக்கும். சாதாரண டூ ஸ்ட்ரோக் எஞ்சின்ல அதில் நாலில் ஒரு பங்கு வரைக்கும் எரியாமலே புகையோடு வெளியே போகும். அந்தப் புகை வெட்டுறவன் மூக்குலயும் பக்கத்து வீட்டு ஜன்னல்லயும்தான் போகும். கலிபோர்னியாவில் 2021-ல் சட்டம் போட்டு, 2024 முதல் தயாராகிற இந்த மாதிரி புது மெஷின்கள் புகையே விடக் கூடாது என்று சொன்னது சும்மா இல்லை.

ஆகவே ரெண்டும் ஒண்ணில்லை. அதுக்காக பேட்டரி வாங்கியாச்சு, சுத்தம்னு நினைச்சுடாதீங்க. அந்த ஒரு கைப்பிடி நிலக்கரி எரிவதும் எங்க பக்கம் மாதிரி ஒரு ஊரில்தான். கொல்லை மூலையில் நாலு குத்துப் புல் என்றால் மெஷினே வேண்டாம். ஒரு கதிர் அரிவாள் போதும், இடுப்புக்கும் நல்லது.

வாங்குறவங்க கடையில ரெண்டு விஷயம் கேளுங்க. பேட்டரி தனியா என்ன விலை, மூணு நாலு வருஷம் கழிச்சும் கிடைக்குமா? பேட்டரி செத்து, மாத்து கிடைக்கலைன்னா மெஷின் காயலான் கடைக்குத்தான். மாசக்கணக்கா சும்மா வைக்கும்போது பாதி சார்ஜோட, வெயில் படாத இடத்தில் வையுங்க. வெட்டும்போது கண்ணாடியும் ஷூவும் கட்டாயம். நரம்பு தெறிக்கிற கல்லுக்கு பெட்ரோல், பேட்டரி வித்தியாசம் கிடையாது. ஆள் விட்டு வெட்டினாலும் அவருக்கும் ஒரு கண்ணாடி வாங்கிக் கொடுங்க.