தீயணைப்போருக்கு வரும் புற்றுநோயைத் தொழில்சார் நோயாக அறிவிக்கக் கோரும் மனு

மாவட்ட ஆட்சியர் வழியாகத் தமிழ்நாடு அரசுக்கு, புதுக்கடை வட்டார ஓய்வுபெற்ற தீயணைப்போர் சங்கம் அளிப்பது.

தீயணைப்புப் பணியே புற்றுநோயை உண்டாக்குகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2022 ஜூனில் முடிவு செய்தது. 2007-இல் ஐயத்துக்குரியதாக மட்டும் குறித்த பணியை, புகையிலையும் ஆஸ்பெஸ்டாஸும் உள்ள முதல் பிரிவுக்கு மாற்றியது. நுரையீரல் உறையைத் தாக்கும் மீசோதெலியோமாவுக்கும் சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கும் போதிய சான்று உண்டு என்றது. சங்கத்தின் முந்தைய மனுக்களும் இதையே விரிவாகக் கூறின. ஒப்புகைச் சீட்டுக்கு மேல் பதில் இல்லை. ஆகவே மீண்டும் கூறப்படுகிறது.

ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைப்புரை, முந்திரி ஆலை, ஆஸ்பெஸ்டாஸ் கூரையிட்ட கட்டடம், குப்பைக் கிடங்கு ஆகியவை எரியும்போது எழும் நச்சு மூச்சில் மட்டுமல்ல, கரியோடு தோல் வழியாகவும் உடலில் ஏறுகிறது. தீ அடங்கித் தணலைக் கிளறும் நேரத்தில் முகமூடி கழற்றப்படுகிறது. ஆபத்து அப்போதும் நீங்குவதில்லை. மீசோதெலியோமா வெளிப்படப் பல பத்தாண்டுகள் ஆகும். அதற்குள் பணியாளர் ஓய்வு பெற்றிருப்பார்.

1923-ஆம் ஆண்டுப் பணியாளர் இழப்பீட்டுச் சட்டம் தீயணைப்புப் படையினரை இரண்டாம் அட்டவணையில் பெயர் சொல்லியே சேர்த்தது. மூன்றாம் அட்டவணையில் ஆஸ்பெஸ்டாஸால் வரும் மீசோதெலியோமாவும் சிறுநீர்ப்பைப் புற்றுநோயும் முன்பே இருந்தன. பணியாளரும் உண்டு, நோயும் உண்டு. இரண்டையும் இணைக்கும் வரிதான் இல்லை. அதனால் எந்தத் தீயில் எந்த நச்சு ஏறியது என்று நிரூபிக்கும் சுமை நோயாளி மேலும், அவருக்குப் பின் மனைவி மக்கள் மேலும் விழுகிறது. முப்பது ஆண்டுக்கு முந்தைய புகைக்கு எந்தக் குடும்பம் சாட்சி கொண்டுவரும்? அட்டவணையில் பணியைச் சேர்க்கும் அதிகாரம் மாநில அரசுக்கும் உண்டு என்றது அச்சட்டத்தின் 3(3)-ஆம் பிரிவு. அரசிதழில் மூன்று மாத முன்னறிவிப்பும் அதன்பின் சேர்க்கும் அறிவிப்பும் போதும். அச்சட்டத்துக்குப் பதிலாக வந்த 2020-ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் இவ்வதிகாரம் தொடர்கிறது. கனடாவின் மனிடோபா மாகாணம் 2002-லேயே, குறித்த காலம் பணியாற்றிய தீயணைப்போரின் மூளை, சிறுநீரக, சிறுநீர்ப்பைப் புற்றுநோய்களைப் பணியால் வந்தவையாகக் கொள்ளும் சட்டம் இயற்றியது. ஆஸ்திரேலிய நாடாளுமன்றமும் 2011-இல் அவ்வாறே செய்தது. அங்கெல்லாம் இழப்பீடு கேட்பவர் காரணத்தை நிரூபிக்க வேண்டியதில்லை. மறுப்பவரே நிரூபிக்க வேண்டும்.

எனவே தீயணைப்புப் பணியைத் தொகுப்பின் மூன்றாம் அட்டவணையில் சேர்க்கும் முன்னறிவிப்பை அரசு உடனே வெளியிட வேண்டும். ஓய்வு பெற்றவரையும் இறந்தவர் குடும்பத்தையும் அது உள்ளடக்க வேண்டும்.

மேலும் கோரப்படுபவை:

1. ஓய்வு பெற்றோருக்கும் ஆண்டுதோறும் சிறுநீர்ப் பரிசோதனை, மார்பு எக்ஸ்ரே.

2. ஒவ்வொருவருக்கும் இரண்டாவது பாதுகாப்பு உடை. நிலையத்திலேயே சலவை வசதி.

3. ஒவ்வொரு தீயிலும் எரிந்த பொருள், பணியாற்றியோர் பெயர், நேரம் ஆகியவற்றுக்கு நிரந்தரப் பதிவேடு.

4. வண்டிக் கொட்டகையில் டீசல் புகை வெளியேற்றும் விசிறி.

செயலாளர்
புதுக்கடை