வாயில்லா ஜீவனுக்கு யார் பேசுவது?



இந்த முறை பிள்ளைகளின் படிப்பைப் பற்றியோ பரீட்சையைப் பற்றியோ எழுதப் போவதில்லை. ஒரு நாயைப் பற்றி எழுதப் போகிறேன். "நாய்க்கெல்லாம் ஒரு பக்கமா, வாத்தியாரே?" என்று யாராவது கேட்கலாம். தோட்டத்து லயத்தில் வளர்ந்தவர்கள் கேட்கமாட்டார்கள். விடியுமுன் வெட்டுக்காட்டுக்குப் போன அப்பா அம்மாவுக்கு முன்னால் ஓடிப் பாம்பிருக்கிறதா, பன்றியிருக்கிறதா என்று பார்த்தது நாய்தான். முனீஸ்வரர் கோயில் கட்டினாலும் சாமிக்குப் பக்கத்தில் நாயையும் செய்து வைத்துக் கும்பிடுகிற ஜனங்கள் நாம்.

மாசாயைச் சுற்றியிருந்த தோட்டங்கள் பலவும் இன்று தாமான்களாகவும் தொழிற்சாலைகளாகவும் மாறிவிட்டன. மிச்சமிருந்த ஒரு செம்பனைத் தோட்டத்தில் என் தகப்பனார் கடைசிக் காலத்தில் ஜாகா வேலை பார்த்தார். அப்போது சாக்கடை ஓரத்தில் கிடந்த ஒரு குட்டியை எடுத்து வந்தார். கருப்பன் என்று பெயர் வைத்தார். அது வளர்ந்து முப்பது கிலோ எடையுள்ள பெரிய நாயாகி, அவரோடு ராத்திரி முழுக்கக் காவல் சுற்றியது. அப்பா வேலையை விட்டு என் வீட்டுக்கு வந்தபோது அதுவும் கூடவே வந்தது.

கருப்பனுக்குப் பத்து வயதானபோது முன்னங்காலை நொண்ட ஆரம்பித்தது. எங்கோ குதித்திருக்கும், சுளுக்கு என்று நினைத்தோம். அப்பா தைலம் தேய்த்தார். இரண்டு நாள் சரியானதுபோல் இருக்கும், மறுபடியும் நொண்டும். மூன்று வாரம் இப்படியே போயிற்று. மணிக்கட்டுக்குச் சற்று மேலே ஒரு வீக்கம் தோன்றியது. தொட்டால் கையை இழுத்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். கடிக்கவும் இல்லை, கத்தவும் இல்லை. அதனால்தான் வலி எவ்வளவு என்பது எங்களுக்குத் தெரியாமல் போயிற்று.

டவுனில் உள்ள மிருக வைத்தியரிடம் கொண்டு போனோம். எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பின் ஓரம் கரையான் அரித்த பலகை மாதிரி இருந்தது. ஊசியால் கொஞ்சம் எடுத்துச் சோதித்த பிறகு டாக்டர் அம்மா எங்களை உட்காரவைத்துச் சொன்னார்: "இது எலும்புப் புற்றுநோய்."

வாசகர்களே, நான் அன்று தெரிந்துகொண்டதையும் பிறகு படித்துத் தெரிந்துகொண்டதையும் உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டு வாசலில் படுத்திருக்கும் ஜீவனுக்கு என்றைக்காவது உதவும்.

இந்த நோய்க்கு ஆஸ்டியோசார்கோமா என்று பெயர். நாய்களுக்கு எலும்பிலேயே தோன்றும் புற்றுநோய்களில் முக்கால் பங்குக்கு மேல் இதுதான். பெரிய உடம்புள்ள நாய்களுக்கு அதிகம் வரும். பெரும்பாலும் ஏழு வயதுக்கு மேல். பின்னங்காலைவிட முன்னங்காலில் அதிகம். மணிக்கட்டுக்கு மேலும் தோள்பட்டைக்கு அருகிலும் வருவது வழக்கம். பின்னங்காலில் வந்தால் முழங்காலை ஒட்டி வரும். எலும்பை உள்ளிருந்து அரிப்பதால் வலி மிகக் கடுமை. லேசாகத் தடுக்கி விழுந்தால்கூட அந்த எலும்பு முறிந்துவிடலாம். பெரிய நாய் காரணமில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் நொண்டினால் தைலத்தை வைத்துவிட்டு எக்ஸ்ரே எடுக்கப் போங்கள். நாங்கள் வீணாக்கிய மூன்று வாரத்தை நீங்களும் வீணாக்க வேண்டாம்.

இந்த நோயின் கொடுமை என்னவென்றால், காலில் வீக்கம் தெரியும்போதே பத்தில் ஒன்பது நாய்களுக்கு அது கண்ணுக்குத் தெரியாத துகளாக நுரையீரல் போன்ற இடங்களுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். எக்ஸ்ரேயில் அது தெரிவதோ மிகச் சில நாய்களுக்குத்தான். ஆகவே காலை எடுத்துவிட்டால் நோய் போய்விடும் என்று நினைக்கக் கூடாது. காலை எடுத்தால் வலி போகும். நோய் மெதுவாக வந்துகொண்டிருக்கும்.

டாக்டர் அம்மா எங்கள் முன் மூன்று வழிகளை வைத்தார்.

முதல் வழி, காலை எடுத்துவிட்டு அதன்பின் மூன்று வாரத்துக்கு ஒரு முறை என்று சில தடவை புற்றுநோய் மருந்தை நரம்பில் ஏற்றுவது. இப்படிச் செய்த நாய்களில் ஏறக்குறையப் பாதி, பத்து மாதம் முதல் ஒரு வருஷம் வரை இருக்கும். ஐந்தில் ஒன்று இரண்டு வருஷத்தைத் தாண்டும். மனிதருக்குக் கொடுப்பதைவிடக் குறைந்த அளவில் கொடுப்பதால் பெரும்பாலான நாய்கள் இந்த மருந்தை ஓரளவு நன்றாகவே தாங்கிக்கொள்ளும். மருந்தில்லாமல் காலை மட்டும் எடுத்தால் சராசரியாக நான்கைந்து மாதம்.

இரண்டாவது வழி, காலை எடுக்காமல் வலியை மட்டும் அடக்குவது. வலி மாத்திரைகள் உண்டு. எலும்பு அரிப்பைக் குறைக்கும் ஊசி உண்டு. கதிர்வீச்சும் வலியைக் குறைக்கும். ஆனால் அது எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. இந்த வழியில் கிடைப்பது வாரக்கணக்கு, மிஞ்சினால் சில மாதம்.

மூன்றாவது வழி, வலி தாங்க முடியாத நிலை வந்தால் ஊசி போட்டு அமைதியாக அனுப்பிவைப்பது.

மேல்சிகிச்சை வேண்டுமானால் செர்டாங்கிலுள்ள புத்ரா பல்கலைக்கழக மிருக மருத்துவமனைக்கும் போகலாம் என்றார். மாசாயிலிருந்து ஏறக்குறைய 300 கிலோமீட்டர்.

வீட்டுக்கு வந்ததும் விவாதம் ஆரம்பமாயிற்று. என் மகன், "காலை எடுத்தா என்னப்பா? மூணு காலோட எத்தனை நாய் ஓடுது!" என்றான். அவன் சொன்னது தப்பில்லை. நான்கு காலில் ஒன்று போனாலும் நாய்கள் சில வாரங்களிலேயே பழகிக்கொள்கின்றன. நமக்கு இருக்கிற வெட்கமும் துக்கமும் அவற்றுக்கு இல்லை. என் மனைவி செலவை யோசித்தாள். அதுவும் தப்பில்லை; பள்ளிக் கட்டணமும் வீட்டு வாடகையும் இருக்கிற குடும்பம் பணத்தை எண்ணிப் பார்ப்பது பாவமல்ல. அப்பா மட்டும், "காலையும் வெட்டக் கூடாது, ஊசியும் போடக் கூடாது. உயிரக் குடுக்க முடியாத நாம எடுக்கலாமா?" என்று சொல்லிவிட்டுக் கருப்பனுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.

அன்றிரவு எனக்கு டெர்ரி ஃபாக்ஸின் ஞாபகம் வந்தது. கனடா நாட்டு இளைஞர். 1977இல், பதினெட்டு வயதில், இதே வகைப் புற்றுநோயால் வலது காலை இழந்தார். 1980இல் செயற்கைக் காலோடு, புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டத் தம் நாட்டின் குறுக்கே ஓடினார். 143 நாளில் 5,373 கிலோமீட்டர்! நோய் நுரையீரலுக்குப் பரவியதால் ஓட்டத்தை நிறுத்தினார், 1981இல் இறந்தார். எவ்வளவு வலியைத் தாங்கியிருப்பார்! ஆனால் எதற்காகத் தாங்குகிறோம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. நாளைக்காக இன்றைய வலியைப் பொறுத்துக்கொள்ள மனிதனால் முடியும்.

கருப்பனுக்கு அது தெரியுமா? அடுத்த வருஷம் தீபாவளி வரை இருக்கலாம் என்பதற்காக இந்த மாதம் வலிக்கிறது என்று அதற்கு யார் சொல்லிப் புரியவைப்பது? நாய்க்கு இருப்பது இன்றைய நாள் ஒன்றுதான். ஆகவே, "இன்னும் எத்தனை மாதம் வைத்திருக்கலாம்?" என்று கேட்பதை விட்டுவிட்டு, "அதற்கு இன்று நல்ல நாளா?" என்று கேட்க வேண்டும். இதை மறுநாள் அப்பாவிடம் சொன்னேன். அவர் பதில் பேசவில்லை. ஆனால் டாக்டரிடம் மறுபடியும் வருகிறேன் என்றார்.

இரண்டாவது முறை மார்பையும் இடுப்பையும் எக்ஸ்ரே எடுத்தார்கள். நுரையீரலில் மூன்று சிறிய நிழல்கள் இருந்தன. இடுப்பு மூட்டுகள் இரண்டும் தேய்ந்திருந்தன. நாயின் எடையில் பாதிக்கு மேல் முன்னங்கால்கள்தாம் தாங்குகின்றன. அதில் ஒன்றை எடுத்தால் தேய்ந்த இடுப்பு மிச்சத்தைத் தாங்காது. நான்கைந்து வயது நாயாக, நுரையீரல் சுத்தமாக, இடுப்பு பலமாக இருந்திருந்தால் கடன் வாங்கியாவது காலை எடுக்கச் சொல்லியிருப்பேன். கருப்பனுக்கு இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுத்தோம். ஒரே நோய் என்றாலும் எல்லா நாய்க்கும் ஒரே முடிவு பொருந்தாது.

டாக்டர் அம்மா அப்பாவுக்கு ஒரு வேலை கொடுத்தார். சுவரில் மாட்டியிருக்கும் நாள்காட்டியில் தினமும் ராத்திரி ஒரு குறி போட வேண்டும். சாப்பிட்டதா? தண்ணீர் குடித்ததா? தானாக எழுந்து வெளியே போயிற்றா? ராத்திரி தூங்கியதா? உங்களைப் பார்த்து வாலை ஆட்டியதா? பெரும்பாலும் ஆம் என்றால் அன்று நல்ல நாள், ஒரு வட்டம். இல்லையென்றால் ஒரு கோடு. "வட்டத்தைவிடக் கோடு அதிகமாகும் வாரம் என்னைக் கூப்பிடுங்கள்" என்றார்.

மாத்திரை ஆரம்பித்த மூன்றாம் நாள் கருப்பன் கேட் வரை நடந்து போய்த் தபால்காரரைப் பார்த்துக் குரைத்தது. அன்றுதான் இத்தனை நாள் அது எவ்வளவு வலியில் இருந்தது என்று எங்களுக்குப் புரிந்தது. ஐந்து வாரம் வட்டங்கள்தாம் அதிகம். வழுக்காமல் இருக்கத் தரையில் பழைய சாக்கை விரித்தோம். படியில் ஏறவிடவில்லை. மாலையில் அப்பா அதைத் தள்ளுவண்டியில் உட்காரவைத்துத் திடல் வரை கொண்டு போய் வருவார்.

ஏழாவது வாரம் மூன்று கோடு. எட்டாவது வாரம் ஐந்து. அந்த வாரக் கடைசியில் அப்பா நாள்காட்டியின் முன்னால் வெகுநேரம் நின்றார். பிறகு என்னைக் கூப்பிட்டு, "தம்பி, டாக்டருக்குப் போன் போடு. இதுக்குச் சோறு போட்டது நான். இப்பவும் என்னையேதான் பாக்குது. இனிமே இது தாங்குறது எனக்காகத்தான்" என்றார்.

ஊசியைப் பற்றிப் பலருக்குப் பயம் உண்டு. அது மயக்க மருந்துதான், அளவு மட்டும் அதிகம். முதலில் தூக்கம் வரும், பிறகு இதயம் நிற்கும். சில நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். கண் திறந்தே இருக்கலாம். அதன்பின் ஒரு மூச்சு வாங்குவதுபோலத் தெரியலாம். அதெல்லாம் வலியல்ல. கருப்பனின் தலை கடைசிவரை அப்பாவின் மடியில் இருந்தது.

என் சின்ன மகளிடம், "ஓடிப் போய்விட்டது" என்று சொல்ல நினைத்தோம். சொல்லவில்லை. ஓடிப் போனது என்றால் பிள்ளை தினமும் வாசலைப் பார்க்கும். தூங்கவைத்தோம் என்றால் ராத்திரி தூங்கப் பயப்படும். "கருப்பனுக்குக் குணமாகாத நோய், ரொம்ப வலி. அது வலியில்லாமல் சாக டாக்டர் உதவி செய்தார். இனி வராது" என்று உள்ளதைச் சொன்னோம். அழுதாள். கூட உட்கார்ந்து நாங்களும் அழுதோம். பள்ளியில் இத்தனை வருஷம் பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன்: பிள்ளைகள் துக்கத்தைத் தாங்கிக்கொள்வார்கள்; பொய்யைத்தான் தாங்கமாட்டார்கள்.

முடிக்குமுன் சில வார்த்தைகள்.

தலைவலிக்கு நாம் விழுங்கும் பாரசிட்டமோல், ஐபுப்ரோஃபென் மாத்திரைகளை நீங்களாக நாய்க்குக் கொடுக்காதீர்கள். முதலாவது ஈரலையும் ரத்தத்தையும் கெடுக்கும், இரண்டாவது குடலைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். டாக்டர் கொடுத்த வலி மாத்திரையைச் சோற்றுக்குப் பின் கொடுங்கள்; வாந்தி எடுத்தாலோ மலம் கறுப்பாகப் போனாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு அவரிடம் சொல்லுங்கள். இந்த எலும்புப் புற்றுநோய் நாயிடமிருந்து மனிதருக்கோ மற்ற நாய்க்கோ தொற்றாது. அக்கம்பக்கத்தார் பயந்தால் எடுத்துச் சொல்லுங்கள். சிகிச்சைக்கு எவ்வளவு ஆகும் என்பதை முதலிலேயே கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை.

எது செய்தாலும் ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். பார்க்க மனம் வரவில்லை என்று நாயைப் பின்கட்டில் கட்டிப் போட்டுவிடுவதும், செம்பனைக் காட்டில் கொண்டு போய் விட்டுவிட்டு வருவதும் வேண்டாம். 2017 முதல் அமலில் உள்ள 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம், பிராணியை வளர்ப்பவர் அதைக் கவனிக்கக் கடமைப்பட்டவர் என்கிறது. கொடுமை செய்தால் 20,000 வெள்ளி முதல் 100,000 வெள்ளி வரை அபராதமோ, மூன்று வருஷம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். சட்டம் கிடக்கட்டும். கூட வந்த நாயை வெளியே விட்டுவிட்டுச் சொர்க்கத்துக்குள் வரமாட்டேன் என்று நின்ற தருமரின் கதையைப் பாரதக் கூத்தில் பார்த்து வளர்ந்தவர்கள் நாம்.

காலை எடுத்தாலும் சரி, மாத்திரையோடு விட்டாலும் சரி, ஊசி போட்டு அனுப்பினாலும் சரி, அன்போடு யோசித்து எடுத்த முடிவானால் அதில் பாவமில்லை. அதற்கு வாயில்லை. நாம்தான் பேச வேண்டும். பேசும்போது நம் ஆசையைப் பேசாமல் அதன் வலியைப் பேச வேண்டும்.

அப்பா அந்த நாள்காட்டித் தாள்களைக் கிழித்துப் போடவில்லை. மடித்துத் தம் பெட்டியில் வைத்திருக்கிறார். எண்ணிப் பார்த்தேன். நாற்பத்திரண்டு வட்டம்.