அறிக்கை கேட்டால் நற்சான்றிதழ் எழுதாதீர்கள்

அன்பு மாணவர்களே, உறவுகளே,

உங்களில் பலர் இன்று மேலாளர்கள். சிலர் அலுவலகத்தில் உள்ளகப் புகார் குழுவிலும் இருக்கிறீர்கள். அதனால் கொஞ்சம் கண்டிப்பாகவே எழுதுகிறேன்.

என் பணிக்காலத்தில் படிக்க நேர்ந்த விசாரணை அறிக்கைகள் பலவும் ஒரே அச்சு. "இவர் இருபது ஆண்டு அப்பழுக்கற்ற சேவை செய்தவர்." "புகார்தாரர் எளிதில் உணர்ச்சிவசப்படுபவர்." கேட்ட கேள்வி என்ன? அன்று மாலை அந்த அறையில் என்ன நடந்தது என்பதுதானே? அதற்கு இருபது ஆண்டு சேவை எப்படிப் பதிலாகும்? தேர்வுத்தாளில் இப்படி எழுதியிருந்தால் பூஜ்யம்தான் போட்டிருப்பேன்.

அடுத்தது, "தவறாக நடந்ததாகச் சொல்லப்படுகிறது." யார் சொன்னது? கண்ணால் பார்த்தவரா, காதால் கேட்டவரா? செயப்பாட்டு வினையைச் சொல்லிக்கொடுத்தது, ஆளை ஒளித்துவைக்க அல்ல.

அந்தப் பெண் "கையைப் பிடித்தார்" என்றால் அப்படியே எழுதுங்கள். "அத்துமீறினார்" என்று ஊதவும் வேண்டாம், "சகஜமாகப் பழகினார்" என்று சுருக்கவும் வேண்டாம். எதிர்த்தரப்பு சொன்ன பதிலுக்கும் இதே விதிதான்.

எனக்குப் பெரிய கோபம் இதில்தான்: "நிரூபிக்கப்படவில்லை" என்று எழுத வேண்டிய இடத்தில் "பொய்ப்புகார்" என்று எழுதுவது. இரண்டும் ஒன்றா? பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புக்கான 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14ஆம் பிரிவைப் படியுங்கள். ஆதாரம் போதவில்லை என்பதற்காக மட்டும் புகார் தந்தவர்மீது நடவடிக்கை எடுக்க வேண்டியதில்லை. கெட்ட நோக்கம் இருந்ததென்றால், அதைத் தனியே விசாரித்து நிலைநாட்ட வேண்டும்.

"டீச்சர், எங்களுக்கும் மனசு இருக்கே, முழு நடுநிலை முடியுமா?" என்பீர்கள். உங்கள் மனசை யாரும் கேட்கவில்லை. ஒவ்வொரு முடிவுக்கும் கீழே எந்தச் சாட்சி, எந்தக் குறுஞ்செய்தி, எந்தத் தேதி என்று எழுதுங்கள். முரணான சாட்சியம் இருந்தால் அதையும் எழுதி, ஏன் ஏற்கவில்லை என்று காரணம் சொல்லுங்கள். படிப்பவர் சரிபார்க்க முடிந்தால் போதும்.

விசாரணைக்கு 90 நாள், முடிந்தபின் அறிக்கைக்கு 10 நாள் என்று சட்டம் நேரம் தந்திருக்கிறது. அந்தத் தாளை வைத்துத்தான் ஒருவருக்கு வேலை போகும். அல்லது ஒரு பெண் தினமும் பயந்துகொண்டே அதே அறைக்குப் போவாள். அறிக்கை இரு தரப்பின் கைக்கும் போகும். இருவரும் படிப்பார்கள் என்று நினைத்து எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்