1.78 சதவீதத்துக்குள் மறைக்கப்படும் தீவு

அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்குச் சட்டமன்றம் கிடையாது. ஏறத்தாழ நான்கு லட்சம் மக்களுக்கு நாடாளுமன்றத்தில் ஒரே ஓர் இடம்தான். தீவுகளைத் துணைநிலை ஆளுநர் ஆள்கிறார். துணைநிலை ஆளுநரைத் தில்லி ஆள்கிறது. போர்ட் பிளேரை ஒட்டிய பத்துபஸ்தி போன்ற குடியிருப்புகளில் வாழும் உழைக்கும் குடும்பங்களுக்கு எந்த வேலை கிடைக்கும், எந்த மின்சாரம் வரும், எந்தக் கடற்கரை மிஞ்சும் என்பதை அவர்கள் வாக்குப் பெறாதவர்களே தீர்மானிக்கிறார்கள்.

அவர்களில் ஒருவர் பூபேந்தர் யாதவ். ராஜஸ்தானின் அல்வார் தொகுதி மக்களவை உறுப்பினர். ஒன்றிய அரசின் சுற்றுச்சூழல் அமைச்சர். 2025 செப்டம்பரில் கிரேட் நிக்கோபார் திட்டத்தைக் கண்டித்து சோனியா காந்தி ‘தி இந்து’ நாளேட்டில் எழுதினார். அதற்கு அதே ஏட்டில் யாதவ் பதில் எழுதினார். திட்டத்தால் வளர்ச்சி வரும், பழங்குடியினருக்குப் பாதிப்பில்லை, காட்டுக்கும் பெரிய சேதமில்லை என்பது அவரது வாதம். திசைமாற்றப்படும் காடு தீவுக்கூட்டத்தின் மொத்தக் காட்டில் வெறும் 1.78 சதவீதம்தானாம்.

இந்த 1.78 சதவீதத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். திசைமாற்றப்படும் காடு 130.75 சதுர கிலோமீட்டர். அது முழுவதும் இருப்பது கிரேட் நிக்கோபார் என்ற ஒரே தீவில். அத்தீவின் பரப்பு சுமார் 910 சதுர கிலோமீட்டர். அதாவது தீவில் ஏழில் ஒரு பங்கு. இந்த உண்மையைச் சிறிதாகக் காட்ட, பல நூறு கிலோமீட்டர் வடக்கேயுள்ள திக்லிபூரின் காட்டையும் கூட்டிச் சேர்த்து வகுத்திருக்கிறார் அமைச்சர். சேலத்தில் ஒரு மலையை வெட்டிவிட்டு, தமிழ்நாட்டு மலைகள் அனைத்தோடும் ஒப்பிட்டுச் சதவீதம் சொல்வதற்கும் இதற்கும் வேறுபாடில்லை. வெட்டப்படும் மரங்கள் அரசே நாடாளுமன்றத்தில் சொன்ன மதிப்பீட்டின்படி 9.64 லட்சம். அதற்கு ஈடாக மரம் நடப்போவது ஹரியானாவில்! நிலநடுக்கோட்டை ஒட்டிய மழைக்காட்டின் ஷோம்பென் மக்களும் நிக்கோபார் குரங்குகளும் ஆரவல்லி நிழலில் ஒதுங்கிக்கொள்வார்கள் போலும்.

திட்டம் என்ன? நிதி ஆயோக் வகுத்தது. தொடக்க மதிப்பீடு 72,000 கோடி ரூபாய். கலாத்தியா விரிகுடாவில் ஆண்டுக்கு 1.42 கோடி கொள்கலன்களைக் கையாளும் துறைமுகம், விமான நிலையம், நகரியம், 450 எம்விஏ எரிவாயு - சூரிய மின்நிலையம். இன்று சுமார் எட்டாயிரம் பேர் வாழும் தீவில் மூன்றரை லட்சம் பேரைக் குடியேற்றும் கணக்கு. இதற்கு வழிவிடவே, தோல்முதுகு ஆமைகள் முட்டையிடும் கலாத்தியா விரிகுடா சரணாலயத்தின் அறிவிக்கை 2021 ஜனவரியில் ரத்து செய்யப்பட்டது.

வேலை வேண்டும் என்று கேட்கும் பத்துபஸ்தி இளைஞர் தவறு செய்யவில்லை. தீவுகளில் பெரிய தொழிற்சாலைகள் இல்லை. அரசுத் துறைகளில் தினக்கூலியாகவே ஆண்டுகள் கழிகின்றன. ஆனால் வேலை தருவதாகச் சொல்பவர்கள் இருந்த வேலைகளை என்ன செய்தார்கள்? 1964 ஒப்பந்தத்தின்படி இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து அனுப்பப்பட்ட தமிழ்க் குடும்பங்களில் ஒரு பகுதியினர் நிக்கோபாரின் கச்சால் தீவில் ரப்பர் தோட்டத் தொழிலாளர்களாகக் குடியமர்த்தப்பட்டனர். அந்தத் தோட்டத்தையும் லிட்டில் அந்தமானின் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தையும் நடத்தியது வனம் மற்றும் தோட்ட வளர்ச்சிக் கழகம் என்ற பொதுத்துறை நிறுவனம். 2017 ஆகஸ்டில் மோடி அமைச்சரவை அதை மூட ஒப்புதல் அளித்தது. எண்ணூறுக்கும் மேற்பட்ட ஊழியர்களுக்கு விருப்ப ஓய்வு; ஏற்காதவர்களுக்கு ஆட்குறைப்பு. நாடற்றவர்களாக ஒருமுறை துரத்தப்பட்ட குடும்பங்களின் பிழைப்பைப் பறித்த அதே அரசுதான், கொள்கலன் துறைமுகத்தில் வேலை வாங்கித் தருவதாகச் சொல்கிறது. இன்றைய கொள்கலன் துறைமுகம் எப்படிப்பட்டது என்பதை விழிஞ்ஞத்தில் காணலாம்: கட்டுப்பாட்டு அறையிலிருந்து இயக்கப்படும் பளுதூக்கிகள். சுமைதூக்கும் தொழிலாளர் கூட்டம் அங்கே தேவைப்படுவதில்லை.

எரிசக்தி வாதமும் இதே ரகம்தான். தீவுகளின் மின்சாரம் இன்றும் பெருமளவு கப்பலில் வரும் டீசலை நம்பியிருக்கிறது. தென் அந்தமானில் உருப்படியாக நடந்த சூரிய மின்திட்டம் நெய்வேலி என்எல்சி என்ற பொதுத்துறை நிறுவனம் 2020இல் முடித்த 20 மெகாவாட் திட்டம். அதை விரிவுபடுத்துவதற்கு மாறாக, அதே ஆண்டு மே மாதம் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் ஒன்றியப் பிரதேசங்களின் மின் விநியோகம் தனியாரிடம் ஒப்படைக்கப்படும் என்று அறிவித்தார். தாத்ரா-நாகர் ஹவேலி, டாமன்-டையூ 2022இல் டோரண்ட் குழுமத்துக்குப் போயின. ஊழியர்களின் போராட்டத்தை மீறி 2025 பிப்ரவரியில் சண்டிகர் கோயங்கா குழுமத்துக்குப் போனது. அந்தமான் மின்துறைத் தொழிலாளர்களின் தலைக்கு மேல் அந்தக் கத்தி இன்னும் தொங்குகிறது. 2025இல் அந்தமான் கடலில் இயற்கை எரிவாயு தென்பட்டதாக அறிவித்த பெட்ரோலிய அமைச்சர் ஹர்தீப் சிங் புரி, முன்னதாகக் கயானாவின் எண்ணெய் வளத்தோடு இக்கடலை ஒப்பிட்டுப் பேசியிருந்தார். கயானாவில் அந்த எண்ணெயை எடுப்பது அமெரிக்காவின் எக்ஸான் என்பதைத் தோழர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

பாதுகாப்பு விஷயத்தில்தான் அமைச்சரின் துணிச்சல் வியப்பளிக்கிறது. 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் கிரேட் நிக்கோபாரின் தென்முனையான இந்திரா முனை நாலு மீட்டருக்கு மேல் கீழிறங்கியது. நிலத்தில் நின்ற கலங்கரை விளக்கத்தைக் கடல் சூழ்ந்தது. கரையோர நிக்கோபாரி கிராமங்கள் துடைத்தெறியப்பட்டன. அத்தகைய பேரதிர்வு 420 முதல் 750 ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் நேரும் என்று சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை ஆறுதல் சொல்கிறது. ரிக்டர் 7.5க்கு மேற்பட்ட நிலநடுக்கம் 80 முதல் 120 ஆண்டுகளுக்கு ஒருமுறை என்பதும் அதே அறிக்கையில்தான் இருக்கிறது. மூன்றரை லட்சம் பேரைக் குடியேற்றும் நகரின் ஆயுளுக்குள் வரக்கூடிய ஆபத்து இது. எரிவாயு மின்நிலையமும் அதே தீவில்தான் அமையும்.

சுனாமிக்குப் பிறகு முகாம்களுக்கு மாற்றப்பட்ட நிக்கோபாரி மக்கள் தம் பழைய கிராமங்களுக்குத் திரும்பவே கேட்டுவருகிறார்கள். 2022 ஆகஸ்டில் பெறப்பட்ட தடையின்மைக் கடிதத்தை, முழு விவரமும் தெரிவிக்கப்படவில்லை என்று கூறி, பழங்குடியினர் மன்றம் அதே ஆண்டு நவம்பரில் திரும்பப் பெற்றது. அந்த மாதமே சுற்றுச்சூழல் அனுமதி வழங்கப்பட்டது. வன உரிமைச் சட்டப்படி உரிமைகள் அங்கீகரிக்கப்பட்டுவிட்டதாகத் தீவு நிர்வாகம் சான்றளித்திருப்பதை மன்றம் மறுக்கிறது. 2011 கணக்கெடுப்பில் 229 பேர் மட்டுமே இருந்த ஷோம்பென் மக்களிடம் யார், எந்த மொழியில் ஒப்புதல் கேட்டார்கள்?

2023 ஏப்ரலில் பசுமைத் தீர்ப்பாயம் அமைத்த உயர்நிலைக் குழுவின் அறிக்கையை வெளியிட அரசு மறுக்கிறது. தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டவர்களுக்கும் ‘நாட்டின் பாதுகாப்பு’ என்பதே பதில். கடற்படைத் தளத்தின் வரைபடத்தை யாரும் கேட்கவில்லை. வணிகத் துறைமுகத்துக்காக எத்தனை பவளப்பாறை பெயர்க்கப்படும், ஆமைகள் எந்தக் கரையில் ஏறும், கடற்கரையின் எந்தப் பகுதி எந்த ஒழுங்குமுறை மண்டலத்தில் வருகிறது என்பனவே கேள்விகள். அந்த அறிக்கை நாடாளுமன்றத்தின் மேசைக்கு வர வேண்டும். அதன் தமிழ், இந்தி, வங்க, நிக்கோபாரி வடிவங்கள் பத்துபஸ்திக்கும் கேம்பல் விரிகுடாவுக்கும் போக வேண்டும். அதுவரை ஒரு மரமும் வெட்டப்படக் கூடாது.